கேபிளில் தொடங்குங்கள், ஃபர்ம்வேரில் முடியுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவின் தொழில்நுட்ப அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு ஏதாவது பேசுப்பா" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் திருநெல்வேலியில் ஒலிக்கருவிகள் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்தது அதுதான், அதையே பேசுகிறேன் என்றேன். அவரும் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

முன்பெல்லாம் ஒரு ஆம்ப் ரிப்பேருக்கு வந்தால் டிரான்ஸிஸ்டர் போயிருக்கும், இல்லை கண்டென்ஸர் உப்பியிருக்கும். மீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் வேலை முடிந்தது. இப்போது வருகிற மிக்ஸர்கள் பலவற்றில் போர்டைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இருப்பதில்லை. ஆனாலும் வேலை செய்யாது. கொண்டு வருகிறவர், "யு.எஸ்.பி.யில் மாட்டினா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது" என்பார். அடுத்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிடலாமா சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் என் இன்றைய பேச்சு.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இங்கே இருப்பதால் இரண்டு வார்த்தைகளை மட்டும் விளக்கிவிடுகிறேன். மைக்கில் வரும் ஒலியை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற பெட்டிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். டிஜிட்டல் மிக்ஸருக்குள்ளும் இந்த வேலை நடக்கிறது. அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிப்பில் எழுதி வைத்திருக்கும் புரோகிராம்தான் ஃபர்ம்வேர். அது கருவியின் மூளை. டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருப்பது. டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவர் ஞாபகம் வந்தால், இங்கே துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். கருவி பேசுவதைக் கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டர் பேசுவதைக் கருவிக்கும் மொழிபெயர்க்கிறவர் அவர். துபாஷி சரியில்லை என்றால் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மூளையில் கை வைப்பது அப்படி இல்லை. ஆகவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது.

முதலில் கேபிள். சாதாரண யு.எஸ்.பி. 2 கேபிளுக்குள் நாலு கம்பிகள். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. போன் சார்ஜ் செய்வதற்கென்றே விற்கும் சில மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே கிடையாது. அதை மாட்டினால் கருவியில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. "விளக்கு எரியுதே சார், கேபிள் நல்லாத்தானே இருக்கு" என்று வாதம் செய்வார்கள். விளக்கு எரிவது கரண்டுக்குச் சாட்சி, தகவலுக்கு அல்ல.

இரண்டாவது, மாட்டுகிற இடம். யு.எஸ்.பி. 2 துளை தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3 தருவது 900. தனி அடாப்டர் இல்லாத ஒரு ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் மாட்டி, கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட்டும் போட்டால் ஒரே துளையின் கரண்டை எல்லோரும் பங்கு போடுவார்கள். பாதிப் பாட்டில் கருவி அணைந்து எழும். ஹப்பை எடுத்துவிட்டு நேரே மாட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் பின்பக்கத் துளையில் மாட்டுங்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கோளாறுக்கு ஒரு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே போடவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் கருவியே ஏதோ கோளாறு சொன்னதால் நிறுத்திவிட்டது. டாக்டரிடம் போனால் ஜுரம் எவ்வளவு என்று பார்ப்பதுபோல் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும். அதே கேபிளோடு கருவியை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கருவிமேல் குற்றமில்லை. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

நாலாவது, டிரைவர். யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. ஒலிக் கருவிகள் எல்லாம் ஒரே மாதிரி பேசட்டும் என்று 1998-ல் ஒரு பொது இலக்கணம் வகுத்தார்கள். அதன் இரண்டாம் பதிப்பு 2006-ல் வந்தது. இந்த இலக்கணப்படி பேசும் கருவியை 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்பார்கள். அதற்குத் தனி துபாஷி வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கிற பொதுத் துபாஷியே போதும்.

பிறகு ஏன் கம்பெனிகள் தனித்தனி டிரைவர் கொடுத்தன? நம் மாணவர்கள் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். எட்டு சேனல் உள்ளே, எட்டு வெளியே என்றால் மொத்தம் நொடிக்கு 1 கோடியே 84 லட்சம் பிட். பழைய யு.எஸ்.பி.யின் மொத்த வேகமே 1 கோடியே 20 லட்சம்தான். முதல் இலக்கணம் அந்த வேகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. 48 கோடி பிட் வேகம் உள்ள யு.எஸ்.பி. 2-க்கு இரண்டாம் இலக்கணம் வந்தது. ஆனால் விண்டோஸ் அதைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது 2017-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கம்பெனியின் டிரைவர்தான் கதி.

கம்பெனி டிரைவர் போடும்போது மூன்று காரியம் செய்யுங்கள். பழையதை முழுதாக நீக்குங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கருவியை எப்போது மாட்டச் சொல்கிறார்களோ அப்போது மட்டும் மாட்டுங்கள். முதலில் டிரைவர், பிறகு கருவி என்று பல கம்பெனிகள் தெளிவாக எழுதியிருப்பார்கள். நாமோ பெட்டியைப் பிரித்த வேகத்தில் மாட்டிவிட்டுப் பிறகு புத்தகத்தைத் தேடுவோம்.

ஐந்தாவது, அனுமதி. 2020-ல் ஊரடங்கு வந்தபோது ஒரு வயதான பாட்டு டீச்சர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த மாத வரவில்தான் வீடு ஓடியது. ஒரு நாள் காலையில், பிள்ளைகள் பாடுவது இவருக்குக் கேட்கிறது, இவர் பாடுவது அங்கே கேட்கவில்லை. விசாரித்த இடத்தில் இன்டர்ஃபேஸ் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் போனில், "தம்பி, பன்னெண்டாயிரம் ஆகுமாமே" என்றார். "டீச்சர், பிள்ளைகள் பாடுறது அந்தப் பெட்டி வழியாத்தானே கேக்குது? அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு. செட்டிங்ஸைத் திறங்க, பிரைவஸின்னு இருக்கும் பாருங்க" என்றேன். மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருந்தது. ஒரு பொத்தானைத் தட்டினார், பைசா செலவில்லாமல் பாடம் தொடர்ந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் இந்த அனுமதி உண்டு. ஒலி வெளியே வருகிறது, மைக் மட்டும் ஊமை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ஆறாவது, 'டப் டப்' என்ற சத்தம். பென் டிரைவில் ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது தகவல் தவறாகப் போனால் யு.எஸ்.பி. அதைத் திரும்ப அனுப்பும். ஒலிக்கு அப்படிக் கிடையாது. பழைய வேகத்தில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு பொட்டலம். அதற்குள் 48 மாதிரிகள். போனது போனதுதான், திரும்ப வராது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாம்பார் அந்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், பிறகு வந்து பயனில்லை. கம்ப்யூட்டர் வேறு வேலையில் சற்றுத் தாமதித்தாலும் காதில் ஒரு 'டப்'. ஆகவே பஃபர் அளவைக் கூட்டுங்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க யு.எஸ்.பி.யை அணைக்கும் வசதியை எடுத்துவிடுங்கள். எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்ட 'லேட்டன்ஸிமான்' என்ற புரோகிராம் இருக்கிறது. கருவி 48,000-த்திலும் கம்ப்யூட்டர் 44,100-லும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஏழாவதாக ஃபர்ம்வேர். ஏன் கடைசி? மற்ற ஆறிலும் தவறிப்போனால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இது ஒன்றுதான் கருவியையே படுக்க வைக்கக் கூடியது. ஃப்ளாஷ் மெமரியில் எழுதும் முறை அப்படி. முதலில் இருப்பதை அழிக்க வேண்டும், பிறகு புதியதை எழுத வேண்டும். அழித்து முடித்து எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

எங்கள் பக்கம் கோயில் கொடை சமயம். ஒரு மைக்செட் அண்ணாச்சி கடன் வாங்கி டிஜிட்டல் மிக்ஸர் வாங்கியிருந்தார். லேப்டாப்பில் ரெக்கார்டிங் எடுக்கும்போது 'டப் டப்' என்று வருகிறது என்று, கொடையன்று மத்தியானம் யாரோ சொன்னதைக் கேட்டு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டார்கள். பாதியில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது திரை இருட்டு. ராத்திரி வில்லுப்பாட்டு. "தம்பி, மிக்ஸர் செத்துப் போச்சு, தவணைகூட இன்னும் முடியல" என்று போனில் அவர் குரலே சரியாக இல்லை. "அண்ணாச்சி, அவசரப்பட்டுத் திறந்துராதீங்க, வாரேன்" என்று புறப்பட்டேன்.

பல கருவிகளில் ஃபர்ம்வேருக்கு முன்னால் 'பூட்லோடர்' என்று ஒரு சின்னப் புரோகிராம் தனி இடத்தில் இருக்கும். அப்டேட் பாதியில் நின்றாலும் அது அழியாது. குறிப்பிட்ட பொத்தானை அமுக்கிக்கொண்டே கரண்ட் போட்டால் அது விழித்து, 'புதுசைக் கொடு' என்று கேட்கும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனியின் புத்தகத்தில் இருக்கும். அந்த மிக்ஸரிலும் இருந்தது. இன்வெர்ட்டரில் போட்டு அரை மணியில் எழுப்பிவிட்டோம். ஆனால் அவர் ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்த செட்டிங் எல்லாம் போய்விட்டது. ஒவ்வொரு சேனலாகக் கையால் வைத்து, வில்லுப்பாட்டு ஆரம்பிக்கும்போது மணி பத்து. மறுநாள் பார்த்தால் அந்த 'டப் டப்' அப்படியே இருந்தது! லேப்டாப்பில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்ததும் நின்றது. ஃபர்ம்வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே ஃபர்ம்வேர் போடுவதற்கு முன் ஐந்து கேள்வி. உங்கள் கோளாறு சரியாகும் என்று கம்பெனியின் குறிப்பில் எழுதியிருக்கிறதா? ஃபைல் உங்கள் மாடலுக்கும் அதன் பதிப்புக்கும் உரியதா? செட்டிங்கைத் தனியே எடுத்து வைத்தாயிற்றா? கருவிக்கு யு.பி.எஸ்., லேப்டாப்புக்குச் சார்ஜர், நடுவில் ஹப் இல்லாத கேபிள் இருக்கிறதா? அடுத்த இரண்டு நாள் நிகழ்ச்சி எதுவும் இல்லையே? ஐந்துக்கும் சரியான பதில் இருந்தால் போடுங்கள். நடுவில் அசையாமல் நின்றதுபோல் தெரிந்தாலும் கம்பெனி சொன்ன நேரம் வரை கேபிளைப் பிடுங்காதீர்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கடை அலமாரியில் சில கருவிகள் இருக்கின்றன. மைக் ப்ரீஆம்ப் அருமை, ஒரு பாகமும் கெடவில்லை. ஆனால் 32 பிட் டிரைவர் மட்டும்தான் வெளியிட்டார்கள். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. துபாஷி இறந்ததால் ஊமையானவை அவை. பொது இலக்கணம் பேசும் அதே வயதுக் கருவிகள் பல இன்றும் லினக்ஸில் மாட்டிய உடனே பாடுகின்றன. எனவே வாங்கும்போது 'கிளாஸ் கம்ப்ளையன்டா?' என்று கேட்டு வாங்குங்கள். டிரைவர் ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கம்பெனி பக்கத்தில் அது என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

உங்களில் சிலர் நாளை இந்தக் கருவிகளை வடிவமைக்கும் வேலைக்குப் போவீர்கள். அப்போது ஃபர்ம்வேருக்கு ஒரு அறை போதும் என்று மேலே இருப்பவர் சொன்னால், இரண்டு அறை வேண்டும் என்று கேளுங்கள். புதியது முழுதாக எழுதிச் சரிபார்க்கப்படும் வரை பழையது இன்னொரு அறையில் பத்திரமாக இருக்கட்டும். கூடுதல் மெமரிக்கு ஆகும் செலவு சொற்பம். அந்தப் பக்கம் தவணை கட்டுகிற ஒரு மைக்செட்காரரின் பிழைப்பு இருக்கிறது, ஒரு பாட்டு டீச்சரின் மாத வரவு இருக்கிறது.