நழுவும் எழுத்து

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். சித்தூரிலோ தேவிகுளத்திலோ பழைய மடிக்கணினியில் விண்ணப்பம் எழுதுகையில் ‘ஆ’ விசை நழுவினால், மாடு வாங்கக் கடன் கேட்டவர் மடு வாங்கக் கேட்டவராவார்.

வேறொரு விசைப்பலகையை இணைத்து எழுதிப் பாருங்கள். இடையிடையே தோன்றும் பழுதாதலால் ஒரு வரி போதாது. இரண்டு நாள் சோதிப்பது நன்று. அதிலும் எழுத்து நழுவினால் குறை பெரும்பாலும் மென்பொருளில்; இல்லையேல் பழைய பலகையில். ஒரு விசை மட்டும் தவறினால் தூசியை ஐயுறலாம். பல விசைகள் சேர்ந்து தவறினால் உள்ளிருக்கும் நாடாக் கம்பியின் இணைப்பை ஐயுறலாம். பலகை மேலெழும்பியிருப்பின் மின்கலம் வீங்கியிருக்கக்கூடும்; உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுக.

பழுது தீரும்வரை, எழுதியதை உரக்கப் படித்த பின்னரே அனுப்புதல் நலம்.