தலையில் பட்ட அடி

(ஹேவாஹெட்டயில் நடைபெற்ற நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை தலாத்துஓயா வழியாக பஸ்ஸில் வரும்போது, நமது இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேசலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால், உடற்கல்வி ஆசிரியையாக இருந்த நான் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று.

பல வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் வலைப்பந்தாட்டப் போட்டி நடந்தது. ஒரு பிள்ளை மோதி விழுந்தாள். தலை தரையில் பட்டது. எழுந்தவள், "மிஸ், நாங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லி, முகம் கழுவ வைத்து, மறுபடி விளையாட அனுப்பியது நான்தான். பிறகு வாரக்கணக்கில் தலையிடி. படித்தது மனதில் நிற்கவில்லை. அது அவளுடைய சாதாரண தரப் பரீட்சை வருடம். சோம்பல் என்றார்கள், நானும் அப்படியே நினைத்தேன். அந்தக் கேள்வியே மூளை அதிர்ச்சியின் அறிகுறி என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்றில்லை. முதல் அடி ஆறுமுன் இன்னோர் அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிபட்டால், சிலருக்கு சி.டி.ஈ. எனப்படும் மூளைச் சிதைவு நோய் உண்டாகிறது. மறதி, கோபம், மனச்சோர்வு ஆகியவை பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். இறந்தபின் மூளையைப் பரிசோதித்தே இந்நோயை உறுதிசெய்ய முடிகிறது. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட இத்தகைய பாதிப்பை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவைத்தார்.

குத்துச்சண்டையும், கண்டியில் பிரட்பி கேடயத்துக்காக ஆடும் ரக்பியும் ஆண்பிள்ளைகளின் விடயம்தானே என்று நினைக்க வேண்டாம். ஹெதர் அண்டர்சன் அவுஸ்திரேலிய விதிகள் உதைபந்தாட்ட வீராங்கனை; இராணுவ மருத்துவப் பணியாளரும்கூட. 2022இல் 28 வயதில் மறைந்தார். அவரது மூளையில் இந்நோய் இருந்ததாக 2023இல் அறிவித்தார்கள். தொழில்முறை வீராங்கனை ஒருவரிடம் இது கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை.

நமது நாட்டில் யுத்தம் 2009இல் முடிந்தது. குண்டு வெடிப்பின் அதிர்வும் மூளையைத் தாக்கும். அந்த அதிர்வுகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் காரணமின்றிச் சினந்தால், மறந்தால், "குணம் கெட்டுப்போச்சு" என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய காயங்களையும் சொல்லுங்கள்.

தாயாகவும் ஆசிரியையாகவும் இருக்கும் சகோதரிகளே, பிள்ளையின் தலையில் அடிபட்டு, தலைசுற்றோ தடுமாற்றமோ தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி தொடர்ந்தாலோ, தலையிடி கூடினாலோ, வலிப்பு வந்தாலோ, தூக்கத்தில் எழுப்ப முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் படிப்பு, வைத்தியர் சம்மதித்தபின்பே விளையாட்டு.

விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடியாடித்தான் நாம் தைரியம் பெற்றோம். ஒரு கேடயம் போனால் அடுத்த வருடம் வெல்லலாம். அந்தப் பிள்ளையிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "வா மகள், பக்கத்தில் உட்கார்."