ஒலிவாங்கியும் நுரைப்பஞ்சுறையும்

காற்றின் இரைச்சலைத் தடுக்க ஒலிவாங்கிக்கு அணிவிக்கும் நுரைப்பஞ்சுறை, நாளடைவில் அதற்கே பகையாவதுண்டு. 1937ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒற்றோ பேயர் குழுவினர் கண்ட பொலியூரித்தேனின் வழிவந்ததே இப்பஞ்சு. ஈரலிப்பும் வெப்பமும் ஒளியும் அதனைச் சிதைக்கின்றன. முதலில் பிசுபிசுக்கும், பின்னர் பொடியாய் உதிரும். அப்பொடி வலைக்கண்களூடே புகுந்து, உள்ளே அதிரும் மென்றகட்டிற் படிந்தால் ஒலி மங்கும். சில ஒலிவாங்கிகளில் அத்தகட்டின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் 1000இல் 6 பங்கே. துடைக்கப் புகின் கிழியும்.

ஆகவே, வேலை முடிந்ததும் உறையைக் கழற்றி வேறாக வைத்தல் வேண்டும். ஒலிவாங்கியைத் தூய துணிப்பையிலிட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைத்தல் நன்று. பெட்டியினுள் பதித்த பழம்பஞ்சும் இவ்வாறே உதிருமாதலின், அதனையும் அகற்றுக. அழுத்தினால் மீண்டெழாத உறையை எறிந்துவிடுக. பொடி உட்புகுந்துவிட்டாலோ, ஊதவோ துடைக்கவோ முயலாது, தேர்ந்த வினைஞரிடம் ஒப்படைத்தலே முறை. உறைக்கு மாற்றுறை எளிதிற் கிடைக்கும். நல்ல ஒலிவாங்கி அவ்வாறு கிடைப்பதன்று.