உளி பிசகிய கோடு



ஜப்பானியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சில காலம் ஆங்கிலம் கற்பித்தேன். அந்நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அயல்மொழி முறையான பாடமாயிற்று. கற்பிக்கச் சென்ற நான் அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. அதையே இன்று சொல்ல விழைகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எதைக் கேட்டாலும் தலைகவிழ்ந்து நிற்பாள். பாடம் அவளுக்கு ஏறவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் அவர்களுடைய ஓவிய, கைவேலை வகுப்பைக் காணச் சென்றேன். அது அங்கே வெறும் பொழுதுபோக்கன்று. ஆறு வகுப்புகளிலும் எல்லாரும் பயிலும் பாடம். ஐந்தாம் வகுப்பினருக்கு ஆண்டுக்கு 50 பாடவேளைகள். ஒவ்வொன்றும் 45 நிமிடம். முற்காலத்தில் அங்கும் நூலிலுள்ள படத்தைப் பார்த்து அப்படியே வரைவதுதான் ஓவியப் பாடம். அச்சோவியக் கலைஞர் யமமோட்டோ கனாயே இம்முறையை எதிர்த்தார். 1919-ஆம் ஆண்டில், நாகனோ மாநிலத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், சிறுவர் தம் கண்ணால் கண்டு தாமே வரைந்த சித்திரங்களைக் கண்காட்சியாக வைத்தார். ஒன்றைப் பார்த்து வரையும்போது சிறிது மாறினாலும் பிழை. தானே வரைபவனுக்கோ புதுவழி காணும் உரிமை உண்டு.

அன்று பிள்ளைகள் மரப்பலகையில் படம் செதுக்கிக்கொண்டிருந்தனர். செதுக்கிய பலகையில் மை தடவிக் காகிதத்தை ஒற்றினால், மேடான பகுதி கறுப்பாகவும் குடைந்த பகுதி வெண்மையாகவும் பதியும். அச்சிறுமி பறவையொன்றைச் செதுக்கினாள். திடீரென்று உளி பிசகியது. பறவையின் இறகின் குறுக்கே நீண்ட கோடு விழுந்தது. போன மரத்தை மீண்டும் ஒட்ட இயலாதே! அழப்போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ சற்று நேரம் பலகையை உற்று நோக்கினாள். பிறகு அக்கோட்டின் அருகே அதுபோன்ற கோடுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கலானாள். அச்செடுத்தபோது, பறவை மழையில் பறந்துகொண்டிருந்தது.

நான் நாணினேன். குறை அவளிடத்தில் இல்லை. மரத்தில் பிழை செய்ய அவளுக்கு இடமிருந்தது. என் வகுப்பில் அந்த இடம் இல்லை.

மறு வகுப்பில் அப்படத்தைக் கொண்டுவரச் செய்து, இது யாது என்று வினவினேன். நெடுநேரம் நின்றாள். பிறகு, மெல்லிய குரலில், "மெனி ரெயின்" என்றாள். இலக்கணப்படி அது பிழை. திருத்த எழுந்த என் நாவை அடக்கிக்கொண்டேன். "ஆம், பெருமழை! பறவை எங்கே செல்கிறது?" என்று கேட்டேன். "ஹோம்" என்றாள்.

நண்பர்களே, நீங்களும் புதுமொழி பயில்கிறீர்கள். முதற் சொல் பிசகினால் வாயை மூடிவிடாதீர்கள். அதனருகே இன்னொரு சொல்லை வையுங்கள்.