பெரட்டில் பேர் கூப்பிடுவது யார்?



விண்வெளித் தொடர்களின் கோஷ்டிப் பூசலைப் பற்றிப் பேசப் பாச்சாங்கில் ஒரு கருத்தரங்கா என்று சிலர் சிரிக்கலாம். ரப்பர்த் தோட்டத்துக் கதைகளைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஒரே லயம், ஒரே துரை, விடியுமுன்னே பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் ஒரே பெரட்டு. ஆனாலும் ஆட்கள், தங்களை ஊரிலிருந்து கட்டி வந்து மேய்த்த கங்காணி வாரியாகவே பிரிந்து நின்றார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் முறைத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குக் கிளம்பினால் அவருடைய கூட்டமும் மூட்டை கட்டிவிடும். துரை போட்ட உத்தரவு கங்காணி வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். சாதாரணத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு நிறுத்தியதும் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள்கட்டி வருவதும் நின்றது. லயத்துக்குள் ‘அவங்க ஆளு, நம்ம ஆளு’ என்ற பேச்சு அத்தனை சீக்கிரம் நிற்கவில்லை.

1995 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கோள்கள் பல சேர்ந்த கூட்டமைப்பின் கப்பல் ஒன்று, மாக்கி என்ற கலகக்காரர்களைப் பிடிக்கப் போகிறது. இரண்டு தரப்பும் 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் தூக்கி எறியப்படுகின்றன. மாக்கிகளின் கப்பல் அழிந்துபோகிறது. ஊர் திரும்ப 75 ஆண்டு ஆகும். பிடிக்க வந்தவர்களும் பிடிபட வேண்டியவர்களும் ஒரே கூரையின் கீழ்! கேப்டன் ஜேன்வே, மாக்கித் தலைவர் சக்கோட்டேயைத் தனக்கு அடுத்த பதவியில் அமர்த்துகிறார். மாக்கி ஆட்களைக் கட்டி மேய்க்க அவர்தான் வேண்டும். அசல் கங்காணி ஏற்பாடு.

இவ்வளவு நல்ல கருவைத் தொடர் எப்படி வீணடித்தது என்பது தனி ஆய்வுக்கு உரியது. முதல் கதை முடிவதற்குள் மாக்கிகள் கூட்டமைப்பின் சீருடையை மாட்டிக்கொண்டார்கள். அடுத்த கதையில் மாக்கிப் பெண் டோரஸ், கேரி என்ற அதிகாரியின் மூக்கை உடைக்கிறாள். கதை முடியும்போது அவளே தலைமைப் பொறியாளர், பகையும் ஆறிப்போகிறது. மாக்கிகளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்த செஸ்காவோ எதிரி நாட்டு உளவாளி என்று தெரிகிறது. அதாவது, அதிருப்தி கொண்டவள் உண்மையான மாக்கியே இல்லை! இதைவிடச் சாமர்த்தியமான கைகழுவல் கிடையாது. சக்கோட்டே நடத்தும் கலகம் கடைசியில் 1997-ல் வந்தது. அதுவும் பாதுகாப்பு அதிகாரி டூவோக் பயிற்சிக்காக எழுதி வைத்திருந்த கணினி நாடகமாக.

வாரம் ஒரு கதை, எந்த வாரத்தில் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பது அக்காலத் தொலைக்காட்சி நியதி. நேற்றைய கோபத்தை நாளைக்கு எடுத்துப்போக அதில் வழியில்லை. வாயேஜரில் கொஞ்ச காலம் பணியாற்றிவிட்டு வெளியேறிய ரொனால்ட் டி. மூர் பிறகு ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதிதாக எடுத்தார். அங்கே கோபம் வட்டியோடு சேர்ந்துகொண்டே போனது. நேற்றுவரை மனிதகுலத்தை அழிக்க வந்த இயந்திர இனமான சைலான்களில் ஒரு பிரிவோடு தளபதி அடாமா கூட்டணி வைக்கிறார். குண்டடிபட்டு ஒரு காலை இழந்த அதிகாரி கேட்டாவுக்கு அது பொறுக்கவில்லை. 2009-ல் வந்த கலகக் கதையில் அவர் முதலில் கையில் எடுத்தது கப்பலின் தகவல் தொடர்பைத்தான். கீழே துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது மேலே அடாமாவுக்கு எல்லாம் அமைதி என்றே சேதி போகிறது. உத்தரவு எவர் வாய்வழியாகப் போகிறதோ அவரிடம்தான் கப்பல் இருக்கிறது என்பது கேட்டாவுக்குத் தெரிந்திருந்தது. நம் கங்காணிகளுக்கும் தெரிந்திருந்தது. கேட்டாவும் அவருக்குத் துணைநின்ற ஸாரெக்கும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். 1978-ல் வந்த பழைய கேலக்டிகாவின் நாயகன் ரிச்சர்ட் ஹாட்ச்தான் புதியதில் இந்த ஸாரெக். அந்தக் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனந்த விகடனில் வந்து பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் ஆன சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் நாட்டை ஆளும் ஜீவா வெறும் பிம்பம், நூலை இழுப்பவர்கள் வேறு. அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வில் அதே ஆட்கள் நிலா என்ற பெண்ணை ராணியாக்கி அவள் பின்னே நிற்கிறார்கள். அரியணையில் முகம் மாறுகிறது, பேர் கூப்பிடுகிறவன் மாறவில்லை.

இன்றைய அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்கள் வாயேஜரின் கடைசிக் கதையை மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. 2001-ல் கப்பல் பூமியை எட்டுகிறது, தொடரும் முடிகிறது. ஏழு ஆண்டு கூடவே உழைத்த மாக்கி ஆட்களுக்குத் தரையிறங்கியதும் மன்னிப்பா, சிறையா என்பதை அந்தக் கதை காட்டவே இல்லை.