விடியும்வரை நங்கூரம்



சாந்தோம் கடற்கரையில் மாலை வேளையில் நின்று வடகிழக்கே பார்த்தால், துறைமுகத்துக்குள் நுழைய முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். பெரும்பாலும் எல்லாக் கப்பல்களின் முகப்பும் ஒரே திசையை நோக்கியிருக்கும். காற்றும் நீரோட்டமும் திருப்பிய பக்கம் அவை திரும்பி நிற்கின்றன. ஆனால் இடத்தை விட்டு நகர்வதில்லை. கீழே நங்கூரம் இருக்கிறது.

நம் சென்னைக் கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழும்வரை, மதராசுக்கு வந்த கப்பல்கள் எல்லாம் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தன. 1746 அக்டோபரில் இப்படி நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை ஒரே இரவில் புயல் சீரழித்தது.

இன்றும் சிறிய பாய்மரப் படகில் கரையோரமாகப் புதுச்சேரிவரை போக நினைப்பவருக்கு வழியில் ஒதுங்க ஒரு வளைகுடா இல்லை. அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களில் மணல்திட்டு மறிக்கும். இரவில் நிற்க வேண்டுமானால் அலை உடையும் இடத்துக்கு வெளியே, மணல் தரையில் நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும். ஆகவே பாய் விரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து வைக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோ நங்கூரம் மூன்று டன் படகைப் பிடிக்கும். கயிறு போதிய நீளம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழம் ஐந்து மீட்டர் என்றால் குறைந்தது இருபத்தைந்து மீட்டர் கயிறு. காற்று பலத்தால் முப்பத்தைந்து, அதற்கும் மேல். கயிறு நீண்டு கிடந்தால் இழுப்பு தரையோடு படுக்கையாக வரும். நங்கூரத்தின் கொக்கி மணலில் இன்னும் ஆழமாகப் புதையும். கயிறு குட்டையாக இருந்தாலோ ஒவ்வோர் அலையும் நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும், சீக்கிரமே பிடுங்கிவிடும். புயல் வரும்போது கயிற்றை இறுக்கிச் சுருட்டத்தான் மனம் சொல்லும். தெரிந்தவர் இன்னும் விட்டுக் கொடுப்பார்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் எதிர்நோக்கை நங்கூரம் என்கிறது. நம் பங்குகளில் நாம் அடிக்கடி பார்க்கும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் நவநாளுக்கு வருகிறது. கணவருக்கு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், முடிவு நல்லபடி வர வேண்டும். ஒன்பது வாரம் மழையிலும் வருகிறார்கள், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். முடிவு நல்லபடி வரவில்லை. பத்தாவது வாரம் அந்த இருக்கை காலியாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்பது வாரம் வந்தால் கேட்டது கட்டாயம் நடக்கும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால், அது திருச்சபையின் போதனை அல்ல. அது குட்டைக் கயிறு. நாள் குறித்துக் கேட்ட மன்றாட்டில் முழு நம்பிக்கையையும் கட்டிவிட்டால், அந்த நாள் கடந்ததும் நங்கூரமே பெயர்ந்துவிடுகிறது.

கோபத்தோடு செபிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படகோட்டிகள் நங்கூரமிட்டதும் ஒரு வேலை செய்வார்கள். கலங்கரை விளக்கம் எந்தத் திசையில் தெரிகிறது, பேராலயக் கோபுரம் எந்தத் திசையில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காற்று மாறினால் படகு சுழன்று எதிர்ப்பக்கம் திரும்பும். பயந்துவிட வேண்டியதில்லை. படகு சுழல்வது வேறு, நங்கூரம் இழுபடுவது வேறு. கடவுளிடம் கோபித்துக்கொண்டு முறையிடுபவர் சுழல்கிறார், அவ்வளவுதான். திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைத்தான் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். பதினான்காம் இரவு. மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம். சற்றுப் போய் மறுபடி பார்த்தால் 15 பாகம். பாறையில் மோதிவிடும் பயத்தில் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியலுக்காக ஏங்குகிறார்கள். அதே இரவில் சிலர், முன்னணியத்திலும் நங்கூரம் போடப்போவதாகச் சொல்லிச் சிறு படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். நங்கூரம் போடுவதுபோல் காட்டிக்கொண்டு ஓடுபவர்கள் அன்றும் இருந்தார்கள்! பவுல் கண்டுகொள்கிறார், படைவீரர்கள் படகின் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். பொழுது புலரும் நேரத்தில் அவர் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டு உண்கிறார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். எல்லாருக்கும் தைரியம் வந்து அவர்களும் உண்கிறார்கள்.

கப்பல் தப்பவில்லை. விடிந்ததும் நங்கூரங்களைக் கழற்றிக் கடலிலேயே விட்டார்கள். கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் 276 பேரும் கரை சேர்ந்தார்கள். அந்த இரவு முழுவதும் நங்கூரங்கள் பிடித்து வைத்தது இதற்காகத்தான்.

பத்தாவது வாரம் வராமல் நின்றுவிட்டவர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்று இரவு அந்தத் திருப்பாடலை வாசியுங்கள். வாசிக்க மனமில்லை என்றால், விடியட்டும் ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள். பவுலோடு இருந்த அந்த மாலுமிகளுக்கும் அந்த இரவில் அவ்வளவுதான் கேட்கத் தெரிந்தது.