இலாகாதோறும் சங்கம்

(பஞ்சாலைத் தொழிலாளர் சங்கக் கிளை ஊழியர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

வந்திருப்பவர்களில் பாதிப்பேர் இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம். கிளைச் சங்கத்தைப் பலப்படுத்துவது எப்படி? இதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி.

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் உடனே வரும் பதில், "அங்கத்தினர்களைச் சேர்க்க வேண்டும்" என்பது. சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் சேர்த்த பிறகு என்ன? ஒரு தொழிலாளி மனுவில் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் போனஸ் பேச்சுவார்த்தை தொடங்கும்போதுதான் சங்கத்தை நினைக்கிறார். சங்கமும் அவரை அப்போதுதான் நினைக்கிறது. இடையில் பத்து மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பிறகு என்ன நடக்கிறது? "சங்கம் எங்களுக்கு என்ன செய்தது?" என்று அவர் கேட்கிறார். "தொழிலாளிகளுக்கு உணர்வு போதவில்லை" என்று கமிட்டி பதில் சொல்கிறது. இருவரும் கோபமாக இருக்கிறார்கள். மானேஜர் ஒருவர்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பல மில்களில் சங்கம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. பிரீமியம் கட்டியவருக்கு விபத்து வந்தால் ஆபீசுக்கு வருகிறார். காரியதரிசி ஃபைலை எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்கு ஓடுகிறார். கேஸ் ஜெயித்தால் காரியதரிசி கெட்டிக்காரர். தோற்றால் விலை போய்விட்டார். இரண்டிலும் தொழிலாளிக்கு வேலை ஏதும் இல்லை. அவர் வேடிக்கை பார்ப்பவர். வேடிக்கை பார்ப்பவரைக் கொண்டு ஒரு நாள் வேலைநிறுத்தம்கூட நடத்த முடியாது.

பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களின் அனுபவத்தைப் பாருங்கள். 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதம் மில்லுக்குப் போகவில்லை. திறமை முறை என்ற பெயரால் ஒரே ஆளிடம் கூடுதல் தறிகளைக் கட்டினார்கள், கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்த போராட்டம் அது. அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் செங்கொடிச் சங்கமான கிர்னி காம்கார் யூனியன் பிறந்தது. தொடக்கத்தில் அதன் அங்கத்தினர் 324 பேர். அந்த ஆண்டு இறுதியில் 54,000 பேர்!

இந்த 54,000 என்ற எண்ணைப் பலர் பெருமையோடு சொல்வார்கள். நாமும் சொல்கிறோம். ஆனால் இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது மில் கமிட்டிகளை. அதற்கு முன் பம்பாயில் இருந்த சங்கங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் தொழிலாளிக்காக வக்கீல் போலப் பேசிய சங்கங்கள். கிர்னி காம்கார் யூனியன் மில்லுக்குள்ளேயே தொழிலாளர்களைக் கொண்ட கமிட்டிகளை அமைத்தது. தலைவர் ஆல்வே மில் தொழிலாளி. கூலி பிடித்தம், மேஸ்திரியின் கெடுபிடி, வேலை நீக்கம் என்று அன்றாடம் வரும் சங்கதிகளை அந்தக் கமிட்டிகள் அங்கேயே கையில் எடுத்தன. அதுவரை வேலை கொடுப்பதும் எடுப்பதும் ஜாபர் கையில். தொழிலாளி அவன் முன்னால் கைகட்டி நின்றார். அதே இலாகாவில் இப்போது கமிட்டி அங்கத்தினர் ஒருவர் நின்று ஏன் என்று கேட்கிறார். முதலாளிகளுக்கு ஆறு மாத வேலைநிறுத்தத்தைவிட இதுதான் அதிகம் உறுத்தியது என்பது நமது கருத்து.

கதை அதோடு முடியவில்லை. 1929 மார்ச் 20ல் மீரத் சதி வழக்கென்று சொல்லித் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே இரண்டாவது பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. அது தோற்றது, அங்கத்தினர் தொகை மளமளவென்று சரிந்தது. அடக்குமுறை ஒரு காரணம், வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் தெரிகிறது. போராட்ட வேகத்தில் ஆயிரம் ஆயிரமாக வந்து சேர்ந்தவர்களைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அந்த இளம் கமிட்டிகளுக்கு வேர்விட அவகாசம் கிடைக்கவில்லை. வேர் விடுவது அமைதியான மாதங்களில் நடக்கிற வேலை. இன்று உங்கள் மில்லில் தகராறு ஏதும் இல்லை என்றால், வேலைக்கு இதுதான் சரியான நேரம்.

எங்கே தொடங்குவது? சந்தாவில் தொடங்குவோம் என்கிறோம்.

சிலர் சிரிக்கிறீர்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் வசூலிப்பது பெரிய விஷயமா என்று தோன்றும். தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. பாக்கி நிற்பதில்லை, ரசீதுப் புத்தகம் தேவையில்லை, யாரும் அலைய வேண்டியதில்லை. பொருளாளருக்கு மிகவும் வசதி. ஆனால் என்ன போய்விட்டது பாருங்கள். மாதம் ஒரு முறை சங்கம் ஒவ்வொரு தொழிலாளியின் முன்னாலும் போய் நின்றது; அது போய்விட்டது. யார் யார் சங்கத்தில் இருக்கிறார்கள் என்ற ஜாபிதா முதலாளியின் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அதிருப்தி உள்ளவர் சந்தாவைத் தராமல் தன் கோபத்தைத் தெரிவிப்பதும் நின்றுவிட்டது. சந்தா தர மறுக்கும் தொழிலாளி சங்கத்துக்குப் பெரிய உபகாரம் செய்கிறார் என்பது நமது அபிப்பிராயம். எங்கே ஓட்டை என்று அவர் காட்டிக் கொடுக்கிறார்.

ஒரு மில்லில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். காரியதரிசியும் பொருளாளரும் சம்பள நாளன்று கேட் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? பஸ்ஸுக்கு ஓடுகிறவர் ஓடுகிறார். நின்றவர்களும் பணத்தைக் கொடுத்து ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு வார்த்தை பேச நேரமில்லை. அதே 400 பேரை இருபது இருபதாகப் பிரியுங்கள். ப்ளோ ரூம், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று இலாகாவாரியாக, ஷிப்டுவாரியாக இருபது பேருக்கு ஒரு தோழர். அவரும் அதே இலாகாவில் வேலை செய்கிறவர். சாப்பாட்டு நேரத்திலும் ஷிப்டு மாறும்போதும் பேசுகிறார். மாதத்தில் இருபது பேரிடம் பேச யாரால் முடியாது? இருபது புத்தகம் இருந்தால் இருபது ஊழியர் இருக்கிறார்கள். இரண்டு பேரை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தினாலும் பதினெட்டுப் பேர் மிச்சம்.

அந்தத் தோழர் பணத்தை மட்டும் வாங்கி வரக்கூடாது. ஒவ்வொருவரும் என்ன சொன்னார் என்று இரண்டு வரி குறித்து வர வேண்டும். ஸ்பின்னிங்கில் வேலைப்பளு கூடியிருக்கிறதா, ஒரு ஆளுக்கு எத்தனை சைடு கொடுக்கிறார்கள், பஞ்சுத் தூசியால் யார் இருமிக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கக்கூசில் தண்ணீர் வரவில்லை, எந்தச் சூபர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறார்? மாதா மாதம் இருபது ஊழியர்கள் கூடி இந்தக் குறிப்புகளைப் படித்தால் அதற்கு மேல் கமிட்டிக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டியதில்லை.

குறைகள் வந்துவிட்டன. அடுத்து யார் போய்ப் பேசுவது? பழைய வழக்கப்படி காரியதரிசி போவார். அது வேண்டாம். தண்ணீர் வராத இலாகாவிலிருந்தே நான்கு பேர் போகட்டும். காரியதரிசி துணைக்குப் போகட்டும். மனுவை அவர்களே எழுதட்டும், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். மானேஜர் அறைக்குள் முதல் தடவை போகும் தொழிலாளிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் தடவை பேசுவார். மூன்றாம் தடவை காரியதரிசி பேசவே இடம் கொடுக்க மாட்டார்! தண்ணீர்க் குழாய் சின்ன விஷயந்தான். ஆனால் அதை வாங்கிக் கொடுத்தவர்கள் தாங்களே என்று நாற்பது பேருக்குத் தெரிகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் இன்றைய சட்டப்படி இருக்க வேண்டிய குறைதீர்ப்புக் கமிட்டியிலும் நிர்வாகத்துக்குச் சமமாகத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும். அந்த இடங்களுக்கு வாயடைத்த ஆட்களை நிர்வாகம் தேடிக்கொண்டிருக்கும். அதற்குள் பேசப் பழகியவர்கள் நம் பக்கம் இருக்க வேண்டும்.

மகாசபைக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று மணி நேரம் தலைவர்கள் பேசி, கடைசியில் "எல்லோரும் ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லும் கூட்டத்துக்கு அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். வரவு செலவுக் கணக்கை வரி வரியாகப் படியுங்கள். டீச் செலவைக் கேள்வி கேட்கிறவரை முறைக்காதீர்கள். சின்னியம்பாளையம் தியாகிகளுக்கு ஒவ்வொரு ஜனவரி 8லும் அஞ்சலி செலுத்தத் தொழிலாளர்கள் வருகிறார்கள். 1946ல் தூக்கு மேடை ஏறிய ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் மில் தொழிலாளர்கள், தங்களில் ஒருவர் என்ற பாசம். கணக்குக் கூட்டத்துக்கு வருவதில்லை என்றால் அங்கே தங்கள் பேச்சுக்கு இடமில்லை என்று நினைக்கிறார்கள்.

இனி மிக முக்கியமான விஷயம். இன்று நமது மில்களில் யார் வேலை செய்கிறார்கள்? ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். ஒரிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். கண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். "அவர்கள் சங்கத்துக்கு வரமாட்டார்கள், நாலு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள்" என்று நிரந்தரத் தொழிலாளிகள் சிலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு புதிதல்ல. இதற்கு ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்தாகிவிட்டது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ல் அமைந்தது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று, வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை ஏற்ற சங்கம். பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் அதன் பலம். 1921ல் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. ஊரில் தீண்டாமை, சேரியில் வறுமை. மில்லுக்குள் மட்டும் சகோதரன் என்றால் எப்படி நம்புவார்கள்? கம்பெனியும் வெள்ளைச் சர்க்காரும் இந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. மாதக்கணக்கில் நீடித்த போராட்டம் தோல்வியில் முடிந்தது. வேலைக்குப் போனவர்களைக் கருங்காலி என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். வேலைநிறுத்தத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர்களை யார் தேடிப் போனார்கள் என்று கேட்பதுதான் கடினம்.

ஆகவே ஒரிய மொழி பேசும் தோழரின் கையில் ஒரு ரசீதுப் புத்தகம் இருக்க வேண்டும். நோட்டீஸ் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். ஹாஸ்டல் பெண்களிடம் பேச ஒரு பெண் தோழர் வேண்டும். ஆண்கள் கேட் முன்னால் நின்று பேசினால் வார்டன் ஒரு பக்கம், ஊர் வம்பு ஒரு பக்கம். வாரத்தில் ஒரு நாள் கடைத்தெருவுக்கு விடுவார்கள், அங்கே சந்திக்கலாம். கண்ட்ராக்ட் தொழிலாளி நாலு மாதத்தில் போய்விட்டால் போகட்டும். அடுத்த மில்லுக்குத்தானே போகிறார்? அங்கே சங்கத்தைக் கொண்டு போவார்.

சட்டமும் நம்மை அவசரப்படுத்துகிறது. 1926ம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு ஸ்தாபனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீத ஆதரவுக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் கவுன்சில். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடுகிறோம், போராடுவோம். ஆனால் அந்த 14 நாளும் நிர்வாகம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு தொழிலாளியாகக் கூப்பிட்டுப் பேசும். வீட்டுக்கு ஆள் அனுப்பும். அந்த நாட்களில் அவரோடு தினமும் பேச அவருடைய இலாகாவில் நமது ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. 2024ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் சங்கத்துக்குப் பதிவுச் சான்றுகூட இல்லை. அது 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. சான்று வருவதற்கு முன்பே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சங்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தோழர்களே! மேசை மேல் ரசீதுப் புத்தகங்களும் குறிப்பு நோட்டுகளும் இருக்கின்றன. டீ வருவதற்குள் இலாகாவாரியாகப் பிரிந்து உட்காருங்கள். உங்கள் ஷிப்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். சங்கத்தில் இல்லாதவர் பெயரையும் எழுதுங்கள், அவரோடு யார் பழக்கம் என்று பக்கத்தில் குறியுங்கள். பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு கோடு போட்டு விடுங்கள். அடுத்த சம்பள நாளுக்குள் அந்தக் கோடுகளின் மேல் பெயர் எழுதி வாருங்கள்.